தோசைக்கல்லில் பொங்கும் மோர் பான்கேக்

ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லி வேண்டாம், பான்கேக் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பது அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்து வீடுகளில் இப்போது சாதாரணமாகிவிட்டது. செல்போனில் செய்முறையைப் பார்த்து, மைதாவை அளந்து, முட்டை உடைத்து, அதில் சொன்னபடி மோரும் ஊற்றிச் சுட்டால் வருவது என்னவோ மைதா தோசைதான். சப்பையாக, ஓரம் விறைப்பாக, நடுவில் ரப்பர் போல இழுபடும். "ஏங்க, மோர்தானே ஊத்தச் சொன்னாங்க, ஊத்தினேனே, அப்புறம் ஏன் உப்பல?" என்று அக்கம்பக்கத்தில் அடிக்கடி கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. பதிலும் அந்த மோரிலிருந்துதான் தொடங்குகிறது.

செய்முறையில் சொல்லும் மோர் நம் வீட்டு மோர் அல்ல. நாம் தயிரைக் கடைந்து, வெண்ணெய் திரண்டால் எடுத்துவிட்டு, ஒன்றுக்கு இரண்டு மூன்று பங்கு தண்ணீர் சேர்த்து வெயிலுக்குக் குடிக்கிறோம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் முன்பு பாலேட்டைப் புளிக்கவைத்துக் கடைந்து வெண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் புளித்த பாலைத்தான் அந்தப் பெயரில் சொன்னார்கள். இன்று கடைகளில் விற்பது கொழுப்பு குறைத்த பாலில் நுண்ணுயிர்களைச் சேர்த்துப் புளிக்கவைத்தது. அதில் தண்ணீர் கலப்பதில்லை. ஊற்றினால் கனமாக விழும், நல்ல புளிப்பும் இருக்கும். அதாவது கடைந்த கெட்டித் தயிருக்குப் பக்கத்தில் வருமே தவிர, நீர்மோருக்குப் பக்கத்தில்கூட வராது.

இந்த வித்தியாசம் ருசியோடு நிற்பதில்லை, பான்கேக் உப்புவதே அந்தப் புளிப்பை நம்பித்தான். நீர்மோரை ஊற்றினால் புளிப்பு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது, மாவும் நீர்த்துவிடுகிறது. இரண்டும் சேர்ந்தால் எப்படிச் சுட்டாலும் சப்பைதான்.

மாற்று வழி மிக எளிது. முக்கால் கப் கெட்டித் தயிரில் கால் கப் பாலோ தண்ணீரோ விட்டுக் கட்டியில்லாமல் அடித்துக்கொள்ளுங்கள். செய்முறை கேட்கும் ஒரு கப் மோர் அதுதான். ஒரு கப் பாலில் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டுப் பத்து நிமிடம் திரிய வைக்கும் வழியும் உண்டு. அதுவும் வேலை செய்யும். ஆனால் தயிர் இல்லாத தமிழ் வீடு எது? பாக்கெட்டில் வரும் மசாலா மோரை மட்டும் இதில் ஊற்றிவிட வேண்டாம். அதில் உப்பும் இஞ்சியும் பெருங்காயமும் இருக்கும்.

தயிருக்கு இந்தப் பகுதியில் பஞ்சமே இல்லை. சென்னைக்குப் பால் கொடுக்கும் ஆவின் பால்பண்ணைகளான மாதவரம், அம்பத்தூர், சோழிங்கநல்லூர் மூன்றில் ஒன்று நம் ஊரிலேயே இருக்கிறது. அம்பத்தூர்ப் பண்ணையில் தயிரும் ஐஸ்கிரீமும் இனிப்பு வகைகளும்கூடத் தயாராகின்றன. பாக்கெட் தயிரின் வசதி, அதன் புளிப்பு நாளுக்கு நாள் அவ்வளவாக மாறாது. வீட்டில் உறை ஊற்றும் தயிர் அப்படியல்ல. சித்திரை வைகாசியில் நான்கைந்து மணி நேரத்தில் உறைந்து, அன்று சாயங்காலமே வாய் கூசும் அளவுக்குப் புளித்துவிடும். மார்கழியில் இரவு முழுக்க வைத்தாலும் காலையில் இனிப்பாகவே இருக்கும். பான்கேக்குக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவில், முதல்நாள் தயிரின் புளிப்பு. மோர்க்குழம்புக்கு என்று எடுத்து வைக்கும் தயிர் இருக்கிறதே, அந்தப் பதம் சரியாக இருக்கும். இன்று காலை உறைந்த இனிப்புத் தயிர் என்றால் அதில் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேர்த்துக்கொள்ளலாம்.

இனி உள்ளே நடப்பதைப் பார்ப்போம். தயிரின் புளிப்பு லாக்டிக் அமிலத்தால் வருவது. ஆப்ப சோடா என்று மளிகைக்கடையில் வாங்குவது சோடியம் பைகார்பனேட். இரண்டும் ஈரத்தில் சேர்ந்த நொடியில் கரியமில வாயு கிளம்புகிறது. சுமார் ஒரு கப் தயிர்மோரில் உள்ள அமிலத்துக்கு அரைத் தேக்கரண்டி சோடா சரியாக இருக்கும். அந்த அரைத் தேக்கரண்டியிலிருந்து கிளம்பும் வாயு ஏறத்தாழ அரை லிட்டர். கணக்குப் போட்டுப் பார்த்தால் வியப்பாகத்தான் இருக்கும், ஒரு கிண்ண மாவுக்குள் அதைவிடப் பெரிய அளவு காற்று உருவாகிறது. அதில் பெரும்பகுதி வெளியே போய்விடும். மாவுக்குள் சிக்கி, கல்லில் வேகும்போது விரிந்து, அப்படியே இறுகும் பகுதிதான் பான்கேக்கின் மெத்தென்ற தன்மை.

இது நமக்குப் புதிய வித்தையும் அல்ல. இட்லி மாவில் லியூகோனாஸ்டாக் முதலிய நுண்ணுயிர்கள் இரவெல்லாம் உழைத்துப் புளிப்பையும் வாயுவையும் தாமே உண்டாக்குகின்றன. அதனால்தான் விடியும்போது மாவு பொங்கி நிற்கிறது. ரவா இட்லி அவ்வளவு நேரம் காத்திருப்பதில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அரிசி கிடைக்காமல் போனபோது ரவையை வைத்துச் செய்துபார்த்து உருவாக்கியதாகப் பெங்களூர் எம்.டி.ஆர். உணவகத்தார் சொல்லும் அந்தப் பலகாரத்தில் புளிப்புக்குத் தயிர், உப்பலுக்குச் சோடா. மோர் பான்கேக் இந்த ரவா இட்லியின் உறவு. ரவா இட்லி செய்யத் தெரிந்தவருக்குப் பான்கேக்கின் பாதி வேலை ஏற்கெனவே தெரியும்.

மீதிப் பாதியில்தான் தோசை குறுக்கே வருகிறது. தோசை மாவை நன்றாக அடித்துக் கலக்குகிறோம், காத்திருக்க வைக்கிறோம், கல்லை நன்றாகக் காயவிடுகிறோம், கரண்டியால் வட்டமாகத் தேய்க்கிறோம். தோசைக்கு இவை அத்தனையும் தேவை. பான்கேக்குக்கு ஒன்றும் ஆகாது. செய்முறையை எழுத்துப் பிசகாமல் பின்பற்றியும் பலருக்கு வராமல் போவதற்கு இந்தக் கைப்பழக்கமே காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் அளவுகள். இங்கே கப் என்பது 240 மில்லி. வீட்டு டம்ளர்கள் ஒன்று போல் இருப்பதில்லை, எனவே அளவுக் கிண்ணம் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. மைதா ஒரு கப், எடையில் சுமார் 125 கிராம். மாவு டப்பாவுக்குள் கிண்ணத்தை விட்டு அழுத்தி அள்ளினால் இருபது முப்பது கிராம் கூடிவிடும், பான்கேக் கனத்துவிடும். கரண்டியால் எடுத்துக் கிண்ணத்தில் தூவி, மேலே கத்தியால் தட்டிச் சமன் செய்யுங்கள். சர்க்கரை ஒன்றரை மேசைக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி, பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, சோடா அரைத் தேக்கரண்டி. இவை உலர்ந்தவை. ஈரமானவை: மேலே சொன்னபடி அடித்த தயிர்மோர் ஒரு கப், ஒரு முட்டை, உருக்கிய வெண்ணெய் ஒன்றரை மேசைக்கரண்டி. இதில் உள்ளங்கை அளவுக்கு ஆறேழு பான்கேக் வரும், இரண்டு பேருக்குத் தாராளமாகப் போதும்.

சோடாதான் இருக்கிறதே, பேக்கிங் பவுடர் எதற்கு என்று கேட்கலாம். சோடா முழுவதும் புளிப்பைக் கண்ட மாத்திரத்தில் வேலையை ஆரம்பித்துவிடும். முதல் பான்கேக் நன்றாக உப்பும், கடைசியாக ஊற்றுவது இளைத்துப்போகும். பேக்கிங் பவுடரில் சோடாவும், காய்ந்த தூளாக அமிலமும், ஈரம் இழுக்கச் சோளமாவும் ஒன்றாக இருக்கின்றன. 1843இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் ஆல்ஃபிரெட் பேர்ட் என்ற மருந்துக்கடைக்காரர், ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காக இப்படி ஒரு தூளைக் கலந்தார். இப்போது கடையில் கிடைப்பதில் பெரும்பாலானவை இரு கட்டமாக வேலை செய்யும். கொஞ்சம் வாயு ஈரம் பட்டதும் வரும், மிச்சம் கல்லின் சூட்டில் வரும். அந்த இரண்டாம் கட்டம்தான் கடைசி பான்கேக்கையும் காப்பாற்றுகிறது. சோடாவுக்கு வேறொரு வேலையும் இருக்கிறது. புளிப்பை மட்டுப்படுத்தி, மேல்பக்கம் பொன்னிறமாகச் சிவக்க உதவுகிறது. அதனால் இரண்டும் வேண்டும்.

ஒரு சிட்டிகை கூடப் போட்டால் இன்னும் உப்புமே என்று கை நீளும். வேண்டாம். அமிலம் தீர்ந்த பிறகு மிஞ்சும் சோடா சூட்டில் சலவைச் சோடாவாக மாறுகிறது. வாயில் சோப்புக் கரைந்த மாதிரி இருப்பதும், உள்ளே மஞ்சளாகத் தெரிவதும் அதனால்தான். எத்தனை தேன் ஊற்றினாலும் அந்தச் சுவை போகாது.

நம் ஊர்க் காற்றின் ஈரம் பேக்கிங் பவுடருக்குப் பெரிய எதிரி. ஐப்பசி மழையில் மூடி சரியாக மூடாத டப்பா சில வாரங்களில் செத்துவிடும், பார்த்தால் தெரியாது. கொஞ்சம் வெந்நீரில் அரைத் தேக்கரண்டி போட்டுப் பாருங்கள், சுறுசுறுவென்று நுரைத்தால் உயிரோடு இருக்கிறது. சோடாவை எலுமிச்சைச் சாற்றில் போட்டுப் பார்க்கலாம். காலையில் மாவு கலக்கும் முன் இந்த ஒரு நிமிடச் சோதனை செய்துவிட்டால் மற்றதெல்லாம் வீணாகாது.

கலக்கும் வேலைக்கு வருவோம். இதைச் சரியாகச் செய்தால் முக்கால்வாசி வெற்றி. உலர்ந்தவற்றை ஒரு பாத்திரத்தில் சலித்து, நன்றாகக் கலந்துவிடுங்கள், சோடா ஓரிடத்தில் திரளாக நின்றுவிடக் கூடாது. இன்னொரு பாத்திரத்தில் தயிர்மோரையும் முட்டையையும் அடித்து வெண்ணெயை ஊற்றுங்கள். தயிரும் முட்டையும் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். சில்லென்ற தயிரில் உருக்கிய வெண்ணெய் ஊற்றினால் அது மணி மணியாக உறைந்து தனியே நிற்கும். அடுப்பைப் பற்றவைத்து, கல்லைச் சிறுதீயில் வைத்த பிறகுதான் ஈரத்தை உலர்ந்ததோடு சேர்க்க வேண்டும்.

சேர்த்ததும் கரண்டியை அடியிலிருந்து மேலாகப் புரட்டிப் பத்துப் பன்னிரண்டு சுற்று, அவ்வளவுதான். காய்ந்த மாவு கண்ணுக்குத் தெரியாத நிலை வந்ததும் நிறுத்துங்கள். சின்னச் சின்னக் கட்டிகள் இருக்கும், இருக்கட்டும். மனசு கேட்காது. கட்டி இருக்கும் மாவைக் கல்லில் ஊற்றுவதா என்று தோசை சுட்ட கை பதறும். ஆனால் மைதாவில் உள்ள புரதம் தண்ணீரோடு சேர்ந்து, அடிக்க அடிக்க, குளூட்டன் என்னும் இழுவையான வலையாகிறது. பரோட்டா மாஸ்டர் மைதாவை அடித்துப் பிசைந்து வீசுவதெல்லாம் அந்த இழுவைக்காகத்தான். பான்கேக் மாவை அப்படி அடித்தால் உண்டாகிற வாயுவும் வெளியேறும், மிஞ்சுவது ரப்பராகவும் இருக்கும். அந்தக் கட்டிகள் வேகும்போது தாமே கரைந்துவிடும். மின்சார பீட்டரையோ மிக்ஸியையோ இதற்கு எடுக்கவே கூடாது.

மாவின் பதம் இட்லி மாவாக இருக்கட்டும், தோசை மாவாக அல்ல. கரண்டியைத் தூக்கினால் தொப்பென்று விழ வேண்டும், ஓடக் கூடாது. ஓடினால் ஒரு மேசைக்கரண்டி மைதா, விழ மறுத்தால் ஒரு மேசைக்கரண்டி பால். ஐந்து நிமிடம் அப்படியே விட்டால் மாவு ஈரத்தை இழுத்து மெத்தென்று ஆகும், மேலே குமிழ்கள் தெரியும். அதன் பிறகு கிளறக் கூடாது. அரை மணி நேரத்துக்கு மேல் வைத்தால் வாயு போய்விடும். ராத்திரியே கரைத்து வைக்கலாமா என்பவர்களுக்குப் பதில், கூடாது என்பதுதான். வேண்டுமானால் உலர்ந்தவற்றை மட்டும் கலந்து டப்பாவில் போட்டு வையுங்கள்.

கல் விஷயத்தில் நான்ஸ்டிக் தவாவே முதல் முறைக்கு நல்லது. பழகிய இரும்புத் தோசைக்கல்லில் அருமையான நிறம் வரும், ஆனால் அது ஒருமுறை சூடேறினால் இறங்க நேரமாகும், எனவே தீயைக் குறைத்தே வைக்க வேண்டும். தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக உருண்டு ஓடினால் தோசைக்கு மேலான சூடு, அடுப்பை அணைத்துக் கொஞ்சம் பொறுங்கள். சுர்ரென்று இரண்டு மூன்று நொடியில் அடங்கி உலர்ந்தால் சரியான சூடு. வெங்காயத்தைப் பாதியாக வெட்டிக் கல்லைத் தேய்ப்பது இங்கே உதவாது, இனிப்புப் பலகாரத்தில் வெங்காய வாசம் வரும். சில சொட்டு எண்ணெய் விட்டு மெல்லிய துணியால் துடைத்துவிடுங்கள். எண்ணெய் தேங்கி நின்றால் ஓரம் பொரிந்து, மேல்பக்கம் புள்ளி புள்ளியாகச் சிவக்கும்.

கால் கப் மாவை ஒரே இடத்தில் ஊற்றிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். தேய்க்க வேண்டாம். அதுவே ஒரு விரற்கடைக்கு நெருங்கிய கனத்தில் வட்டமாக நிற்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் மேலே குமிழ்கள் எழும்பி, ஓரங்கள் மினுமினுப்பு இழந்து, சில குமிழ்கள் உடைந்து துளையாகவே நிற்கும். அப்போது திருப்புங்கள், ஒரே ஒரு முறை. மறுபக்கம் ஒரு நிமிடம் போதும். கரண்டியால் அழுத்துவது பலருக்கும் தன்னையறியாமல் வரும் பழக்கம். இவ்வளவு பாடுபட்டு உள்ளே வைத்த காற்றை ஒரே அழுத்தில் வெளியேற்றிவிடுவோம். மேலே கருகி உள்ளே பச்சையாக இருந்தால் தீ அதிகம். நிறமே வராமல் காய்ந்துபோனால் தீ குறைவு. முதல் பான்கேக்கில் தீயைத் தெரிந்துகொண்டால் இரண்டாவதிலிருந்து கவலையில்லை.

முட்டை சேர்க்காத வீடுகளில் அதற்குப் பதிலாக மூன்று மேசைக்கரண்டி பாலும், அரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் கூடுதலாகச் சேர்க்கலாம். உயரம் கொஞ்சம் குறையும், மென்மைக்குக் குறை வராது. மைதாவே வேண்டாம் என்பவர்கள் பாதிக்குப் பாதி கோதுமை மாவு போடலாம். தவிடு ஈரத்தை மெதுவாகத்தான் இழுக்கும், ஆகவே சோடாவும் பேக்கிங் பவுடரும் இல்லாமல் கால் மணி நேரம் ஊறவிட்டு, கடைசியில் அவற்றை ஒரு கரண்டித் தண்ணீரில் கரைத்து ஊற்றி இரண்டு சுற்றுக் கலந்து உடனே சுடுங்கள். முழுக்கக் கோதுமை மாவில் இந்த மெத்தென்ற தன்மையை எதிர்பார்ப்பது நியாயமில்லை. அது நல்ல கோதுமை அடையாக இருக்கும், அப்படியே ருசியுங்கள்.

சென்னைக்குப் பான்கேக் செல்போனில் வந்து சேர்ந்தது என்று நினைத்தால் அது தவறு. நமக்குக் கிழக்கே பெரம்பூரில் ரயில்வே வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் சாம்பல் புதனுக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை பான்கேக் சுடும் வழக்கத்தைப் பல தலைமுறைகளாக வைத்திருக்கிறார்கள். தவக்காலம் தொடங்கும் முன் வீட்டிலுள்ள முட்டையையும் வெண்ணெயையும் தீர்த்துவிடுவது ஐரோப்பிய கிறிஸ்தவ வழக்கம். அவர்களுடையது உப்பும் வகை அல்ல. முட்டையும் பாலும் மைதாவும் கரைத்து மெல்லிசாக வார்த்து, நடுவே தேங்காய்ப்பூவும் சர்க்கரையோ வெல்லமோ சேர்த்த பூரணத்தை வைத்துச் சுருட்டுவார்கள். அந்தப் பூரணத்தை நம் மோர் பான்கேக்குகளுக்கு நடுவில் பரப்பிப் பாருங்கள், பிள்ளைகள் வேறு எதுவும் கேட்க மாட்டார்கள்.

மேப்பிள் சிரப் என்று விலை கொடுத்துத் தேட வேண்டியதில்லை. அரை கப் தண்ணீரில் ஒரு கப் தட்டிய கருப்பட்டியைக் கரைத்து, மண் இருக்கும் என்பதால் வடிகட்டி, பிசுக்கென்று விரலில் ஒட்டும் வரை காய்ச்சுங்கள். கம்பிப் பதத்துக்குப் போகக் கூடாது, ஆறினால் இறுகிவிடும். ஒரு ஏலக்காயைத் தட்டிப் போடலாம், சுக்குப் பிடித்தவர்கள் சிட்டிகை சுக்கும் போடலாம். என் கணக்கில் தயிர்ப் புளிப்புக்கு மேப்பிளைவிடக் கருப்பட்டியின் புகை மணம்தான் பொருந்தும். கோயம்பேட்டிலிருந்து வரும் பழத்தில் நன்றாகப் பழுத்த ஒரு பூவன் பழத்தை வட்டமாக நறுக்கி மேலே வைத்தால் போதும்.

சுட்டதை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் பாத்திரத்தை மூடினால் ஆவியில் நொதநொதத்துவிடும். கம்பித் தட்டில் தனித்தனியாக வைத்து மேலே மெல்லிய துணி போடுங்கள். ஆறிய பான்கேக்கை டப்பாவில் மூடிக் குளிர்பெட்டியில் இரண்டு நாள் வைக்கலாம், சாப்பிடும்போது காய்ந்த கல்லில் சிறுதீயில் சூடாக்கினால் மறுபடி மெத்தென்று வரும். கரைத்த மாவை மட்டும் நாளைக்கு என்று எடுத்து வைக்காதீர்கள், இட்லி மாவைப் போல அது மறுநாள் பொங்காது.